செரிமான சிரப்பும் 'தாவர நொதி' காப்ஸ்யூலும்: லேபிளில் எதைப் படிக்க வேண்டும்?

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு மருந்துக்கடையில் போய் நின்று, "அண்ணே, சாப்பிட்டது செமிக்கவே மாட்டேங்குது" என்று சொன்னால் மூன்று பொருள்களில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, பழ வாசனை அடிக்கும் சிரப். இரண்டாவது, அலுமினியப் பட்டையில் அடைத்த மாத்திரை. மூன்றாவது, பச்சை இலைப் படம் போட்ட டப்பாவில் 'தாவர நொதிகள்' என்று எழுதியிருக்கும் காப்ஸ்யூல். மூன்றாவது விலை அதிகம். அதை வாங்குகிறவர், விலை கூடினாலும் இயற்கையானது, பக்கவிளைவு இருக்காது என்று நினைத்துத்தான் வாங்குகிறார்.

இந்த நினைப்பில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று பார்க்க, நொதி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லேபிளில் உள்ள எண்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் புரியும்.

நொதி: சமையலறையில் பார்க்கக்கூடியது

ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை வெட்டி மால்ட்டோஸ் என்ற சர்க்கரை ஆக்குவதால் வரும் இனிப்பு அது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் சாதாரண மாவுக் கஞ்சியைவிட நீர்த்துப்போவதற்கும் இதுவே காரணம். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைக் கரைக்க அமிலேஸை உண்டாக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு காட்சி, ஞாயிற்றுக்கிழமைக் கறி. ஆடு முற்றல் என்று தெரிந்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டை அரைத்துக் கறியில் பிசறி வைப்பார்கள். காயைக் கீறும்போது வழியும் பாலில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. அது இறைச்சியின் புரதத்தைத் துண்டாடும். அந்தப் பால் பட்ட இடம் சிலருக்கு அரிப்பதும் இதனால்தான். நம் தோலும் புரதம்தானே. பழம் பழுக்கப் பழுக்கப் பால் வற்றி பப்பாயினும் குறைந்துவிடும். ஆகவே கறிக்குக் காய்தான் உதவும். சாப்பிட்டு முடித்துத் தட்டில் வரும் பப்பாளிப் பழத்துண்டு நார்ச்சத்துக்கு நல்லது, நொதிக்கு அதை நம்ப முடியாது. அன்னாசித் தண்டில் உள்ள பிரோமலைனும், இஞ்சியில் உள்ள சிஞ்சிபைனும் பப்பாயினைப் போலவே புரதம் வெட்டுபவை.

இந்த இரண்டு காட்சிகளிலிருந்தே நொதியின் குணங்களைச் சொல்லிவிடலாம்.

1. நொதி ஒரு புரதம். ஒரு வகை நொதி ஒரு வகை வேலையைத்தான் செய்யும். பப்பாயின் சோற்றைத் தொடாது, அமிலேஸ் கறியைத் தொடாது.
2. வேலை செய்து அது தீர்ந்துபோவதில்லை. எனவே மிகச் சிறிய அளவே பெரிய குவியலைக் கரைக்கும்.
3. தனக்கு ஒத்துவராத சூட்டிலோ அமிலத்திலோ ஈரத்திலோ அதன் உருவம் குலைந்துபோகும். உருக்குலைந்த நொதிக்கு எடை அப்படியே இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

மூன்றாவது குணத்தை நினைவில் வையுங்கள். காசு கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

1833-ல் பிரான்சில் பயேன், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தைக் கரைக்கும் பொருளைப் பிரித்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு வந்த லாக்டேஸ், லைப்பேஸ், புரோட்டியேஸ் எல்லாம் அந்தப் பெயரின் வாலைப் பிடித்து வந்தவைதான். இன்றைக்கும் நம்மூர் சிரப்பின் முதல் வரியில் அமிலேஸை டயாஸ்டேஸ் என்றே அச்சிடுகிறார்கள். சொல்லுக்கு இருநூறு வயது ஆகப்போகிறது.

உடம்பின் சொந்தக் கையிருப்பு

வாயில் தொடங்கும் வேலையை இரைப்பை தொடரும். அங்கே கடுமையான அமிலமும், அந்த அமிலத்தில் மட்டுமே வேலை செய்யும் பெப்சின் என்ற புரத நொதியும் சுரக்கின்றன. பெரிய வேலை நடப்பது அதற்கு அடுத்த இடத்தில். கணையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரைச் சிறுகுடலில் ஊற்றுகிறது. மாவுச்சத்துக்கு அமிலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கொழுப்புக்கு லைப்பேஸ் என மூன்றும் அதில் இருக்கும். கடைசியாகச் சிறுகுடலின் சுவரிலேயே ஒட்டியிருக்கும் லாக்டேஸ், சுக்ரேஸ், மால்ட்டேஸ் ஆகியவை மீந்த சர்க்கரைகளை உடைக்கின்றன.

கணையம் தேவைக்குப் பல மடங்கு சுரந்து தள்ளும் உறுப்பு. அதன் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகத் தொடங்கும் என்று 1970-களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆக, கல்யாண வீட்டில் பிரியாணியைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்ட ஆரோக்கியமான ஆளுக்கு நொதிப் பற்றாக்குறை வர வழியில்லை. அவருக்கு வந்திருப்பது இரைப்பை நிறைந்துபோன மந்தம். கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும்.

'செமிக்கல' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல தொல்லைகளை அடைத்து வைத்திருக்கிறோம். நெஞ்சு கரித்தால் அது அமிலம் மேலே ஏறுவது. சாப்பிட்ட உடனே வயிறு கல் மாதிரி இருந்தால் இரைப்பை சரியாக விரியாததோ மெதுவாகக் காலியாவதோ காரணமாக இருக்கலாம். சாயங்காலம் வயிறு உப்பினால் பெருங்குடலில் பாக்டீரியா உண்டாக்கும் வாயு, அல்லது மலச்சிக்கல். இவற்றில் மிகச் சிலவற்றுக்குத்தான் நொதி குறைவு காரணம்.

பாட்டிலில் இருப்பது எங்கிருந்து வருகிறது

சப்ளிமென்ட்டில் சேர்க்கும் நொதிகளுக்கு மூன்று பிறப்பிடங்கள்.

1. விலங்கு. பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பை உட்சவ்விலிருந்தும், கணைய நொதிக் கலவையான பான்கிரியாட்டின் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்படுகின்றன.
2. தாவரம். பப்பாளிப் பாலிலிருந்து பப்பாயின், அன்னாசித் தண்டிலிருந்து பிரோமலைன், முளைதானியத்திலிருந்து டயாஸ்டேஸ். கவனியுங்கள், தாவரத்திலிருந்து நல்ல அளவில் கிடைப்பவை பெரும்பாலும் புரதம் வெட்டுபவை.
3. பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா. அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து அமிலேஸ் எடுக்கும் முறைக்கு, ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர் 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். சிரப்பில் 'ஃபங்கல் டயாஸ்டேஸ்' என்று போட்டிருப்பது இதன் வாரிசு. 'தாவர நொதிகள்' என்று விற்கும் காப்ஸ்யூல்களில் இருக்கும் அமிலேஸ், லைப்பேஸ், லாக்டேஸ், செல்லுலேஸ் எல்லாம் பெரும்பாலும் தொட்டியில் வளர்த்த பூஞ்சையிலிருந்து வந்தவைதான். விலங்கு சேரவில்லை என்ற அர்த்தத்தில்தான் அதைத் தாவரம் என்கிறார்கள். பூஞ்சை தாவரமே கிடையாது என்பது பள்ளிப் பாடம்.

முதல் வகையைப் பற்றிக் கடலூர் மாவட்டத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. கொல்லாமையை வாழ்க்கையாகவே வைத்திருக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அதே வீடுகளில், பிள்ளைக்குப் பசியெடுக்கவில்லை என்று வாங்கிவைத்த சிரப்பில் இரண்டாவது வரியாகப் பெப்சின் இருக்கும். மருந்து உரிமத்தில் வரும் சிரப்பில் உணவுப் பொட்டலத்தைப் போலப் பச்சைப் புள்ளியைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சைவமா இல்லையா என்பதை உட்பொருள் பட்டியலில் பெப்சின், பான்கிரியாட்டின் என்ற இரண்டு சொற்களைத் தேடித்தான் கண்டுகொள்ள வேண்டும். காப்ஸ்யூலின் கூடும் அப்படித்தான்: ஜெலட்டின் என்றால் விலங்கின் எலும்பு, தோல், எச்.பி.எம்.சி. என்றால் தாவர நார்ப்பொருளான செல்லுலோஸ்.

இந்த வகையில் 'தாவரம்' என்ற சொல் நியாயமான தகவல்தான். சிக்கல், அந்தச் சொல்லுக்குள் வலிமையையும் பாதுகாப்பையும் சேர்த்துப் படிக்கும்போது வருகிறது.

மில்லிகிராமை நம்பாதீர்கள்

அரிசியை எடையில் வாங்குகிறோம். நொதியை எடையில் வாங்க முடியாது. வெயிலில் கிடந்து செத்துப்போன 100 மில்லிகிராம் நொதிக்கும், உயிரோட்டமுள்ள 100 மில்லிகிராமுக்கும் தராசில் வித்தியாசம் தெரியாது. எனவே ஒரு மணி நேரத்திலோ பத்து நிமிடத்திலோ எவ்வளவு மாவுச்சத்தை அல்லது புரதத்தை வெட்டுகிறது என்று சோதித்து, அதை 'யூனிட்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு நொதிக்கும் அந்தக் கணக்கு வேறு. அமிலேஸுக்கு டி.யு., புரோட்டியேஸுக்கு எச்.யு.டி., பிரோமலைனுக்கு ஜி.டி.யு., லாக்டேஸுக்கு எஃப்.சி.சி. யூனிட், கணைய லைப்பேஸுக்கு யு.எஸ்.பி. யூனிட். ஒன்றின் ஆயிரத்தை இன்னொன்றின் ஆயிரத்தோடு ஒப்பிட முடியாது.

பிரோமலைன் பொடியையே எடுத்துக்கொள்வோம். சந்தையில் கிராமுக்கு 1,200 ஜி.டி.யு. உள்ள தரமும் கிடைக்கிறது, 2,400 உள்ள தரமும் கிடைக்கிறது. 'பிரோமலைன் 100 மி.கி.' என்று மட்டும் போட்ட டப்பாவில் எது இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இதைவிட மோசம், 'செரிமான நொதிக் கலவை 200 மி.கி.' என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டுவது. அந்த 200-ல் 190 மலிவான நொதியாகவும் பத்து விலையுயர்ந்ததாகவும் இருக்கலாம். யூனிட் போடாத நொதி டப்பாவை வாங்குவது, வாட்ஸ் போடாத பல்பு வாங்குவது போல.

நம் சிரப்கள் இதில் பரவாயில்லை. அடிக்கடி காணும் வரி இது: ஃபங்கல் டயாஸ்டேஸ் (1:1200) 50 மி.கி., பெப்சின் (1:3000) 10 மி.கி. அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் திறன். ஒரு பங்கு டயாஸ்டேஸ் 1,200 பங்கு மாவுச்சத்தை உடைக்கும், ஒரு பங்கு பெப்சின் 3,000 பங்கு அவித்த முட்டை வெள்ளையைக் கரைக்கும் என்று பொருள். கணக்குப் போட்டால்:

டயாஸ்டேஸ் 50 மி.கி. × 1,200 = 60 கிராம் மாவுச்சத்து.
பெப்சின் 10 மி.கி. × 3,000 = 30 கிராம் முட்டை வெள்ளை, அதாவது ஏறத்தாழ ஒரு முட்டையின் வெள்ளைக்கரு.

ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாப்பிடுகிறவரின் தட்டில் சுமார் 80 கிராம் மாவுச்சத்து இருக்கும். காகிதத்தில் பார்த்தால் சிரப் முக்கால்வாசிச் சோற்றைக் கரைத்துவிட வேண்டும். ஆனால் அந்த 1,200 என்பது சோதனைச் சாலையில், நொதிக்குப் பிடித்த சூட்டிலும் அமில அளவிலும், கரைத்துவைத்த மாவுச்சத்தின் மேல் எடுத்த கணக்கு. இரைப்பை அப்படிப்பட்ட இடமில்லை.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். அக்னி நட்சத்திரத்தில் கடலூர் வீட்டு அடுப்படி அலமாரி எவ்வளவு சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை, கடற்கரை ஊரின் ஈரக்காற்று வேறு. திரவத்தில் இருக்கும் நொதி காய்ந்த பொடியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். போன வருடம் திறந்த பாட்டிலில் இந்த வருடம் மீதியிருப்பது பெரும்பாலும் வாசனையும் சர்க்கரையும்தான்.

இரைப்பையைத் தாண்டுமா?

காலி வயிற்றின் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாக இருக்கக்கூடியது. அதில் போய் விழும் அமிலேஸும் பன்றிக் கணைய லைப்பேஸும் உருக்குலையும். பப்பாயினும் கடும் அமிலத்தில் நிற்காது. பெப்சினோ அதற்கு நேர் எதிர்: அமிலத்தில்தான் உயிர்பெறும், சிறுகுடலுக்குள் இறங்கியதும் அடங்கிவிடும்.

சாப்பாடு உள்ளே போனதும் அமிலம் கொஞ்ச நேரம் நீர்த்துப்போகும். அந்த இடைவெளியில்தான் வெளியிலிருந்து வந்த நொதிகள் வேலை செய்ய முடியும். பூஞ்சை நொதிகளில் சில மிதமான அமிலத்தைத் தாங்கும் என்பது அவற்றுக்குள்ள உண்மையான அனுகூலம். ஆக நொதி மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, வயிறு கனக்கும்போது போட்டால் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது. நம் வழக்கம் இரண்டாவதுதான்.

கணைய நொதி மருந்துகளில் இதற்காகவே குட்டிக் குட்டி உருண்டைகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு பூசியிருப்பார்கள். பூச்சு சிறுகுடலில்தான் கரையும். அந்தக் காப்ஸ்யூலைத் திறந்து உருண்டைகளை மென்று சாப்பிட்டால் அவ்வளவு பொறியியலும் வீண்.

உண்மையில் யாருக்குத் தேவை

மூன்று இடங்களில் வெளி நொதிக்குத் தெளிவான வேலை இருக்கிறது.

1. கணையம் செயலிழந்தவர்கள். நாட்பட்ட கணைய அழற்சி, கணையத்தை வெட்டி எடுத்த அறுவைச் சிகிச்சை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் ஆகியவை இதில் வரும். நாட்பட்ட கணைய அழற்சிக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பல வருடக் குடி. பாண்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் எது நினைவுக்கு வருமோ, அதேதான். குடிக்காத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் விழுந்து, கூடவே சர்க்கரையும் வரும் ஒரு வகை தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டது. அறிகுறி: எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டும் மலம், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்து இதை உறுதிசெய்யலாம். இவர்களுக்குப் பெரியவர் அளவாக ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 25,000 முதல் 50,000 லைப்பேஸ் யூனிட் வரை தருவார்கள். கடையில் தானாக வாங்கும் சிரப்பில் லைப்பேஸே இருக்காது. அமெரிக்காவில் கணைய நொதி மருந்துகளின் வலிமை கம்பெனிக்குக் கம்பெனி தாறுமாறாக இருந்ததால், 2010-க்குப் பிறகு முறையான அனுமதி பெறாதவற்றை விற்கக் கூடாது என்று அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிறுத்தியது. மருந்துக்கே அந்த நிலை.

2. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள். குழந்தைப் பருவம் தாண்டியதும், பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் குறைவது நம் மக்களில் சகஜம். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லியில், சுமார் பத்து கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டேஸ் குறைந்தவர்களில் பலரும் சாப்பாட்டோடு சேர்ந்த 12 கிராம்வரை தாங்குவார்கள். தயிரில் பாக்டீரியா கொஞ்சம் வேலையை முடித்திருக்கும், மோர் இன்னும் எளிது. அதற்கும் மேல் தொல்லை என்றால் லாக்டேஸ் மாத்திரை உதவும். நொதியின் பலன் என்று லேபிளில் போட ஐரோப்பிய ஒன்றியம் வெளிப்படையாக அனுமதித்த வாசகம் இதுதான், அதற்கும் குறைந்தது 4,500 எஃப்.சி.சி. யூனிட் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மாத்திரையில் இருப்பது பூஞ்சை லாக்டேஸ். பாலிலேயே சொட்டுவிட்டு வைப்பதற்கு ஈஸ்ட் லாக்டேஸ். ஒன்றின் இடத்தில் மற்றது சரிவராது, ஏனென்றால் ஈஸ்ட் வகைக்கு இரைப்பை அமிலம் ஆகாது.

3. பருப்பு, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் சாப்பிட்டு வாயு அவதி உள்ளவர்கள். இவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை வெட்டும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு விருந்தாகும். பூஞ்சையிலிருந்து எடுத்த இந்த நொதியை முதல் கவளத்தோடு போட்டால் வாயு குறைவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பதும் ஓரளவு இதே வேலையைச் செய்யும், செலவில்லாமல்.

பண்ருட்டிப் பலா சீசனில் வரும் வாயுத்தொல்லையை மூன்றாவதோடு சேர்க்க வேண்டாம். பலாக்கொட்டையில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து உண்டு. டிரிப்சினை முடக்கும் பொருளும் உண்டு, அது நன்றாக வெந்தால் அழியும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டால் அந்த முடக்கும் பொருளாவது தொலையும்.

சர்க்கரை மாத்திரையும் ஜீரண சிரப்பும்

சர்க்கரைக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்று ஒரு மாத்திரைக் குடும்பம் இருக்கிறது. சாப்பிடும்போது முதலிலேயே போடச் சொல்வார்கள். பல நேரம் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதிகளை வேண்டுமென்றே தடுப்பதுதான் இவற்றின் வேலை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகும், பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், வயிறு உப்பும். இது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு.

இப்போது நோயாளி என்ன செய்கிறார்? "வயிறு ஊதுது, கேஸ்" என்று கடைக்குப் போய் டயாஸ்டேஸ் சிரப் வாங்குகிறார். டாக்டர் எந்த வேலையைத் தடுக்கச் சொன்னாரோ அதே வேலையைச் செய்யும் நொதியைக் காசு கொடுத்து உள்ளே அனுப்புகிறார். அமிலேஸ் உள்ள செரிமான மருந்தை இத்துடன் சாப்பிட்டால் பலன் குறையலாம் என்று அகார்போஸின் தகவல் தாளிலேயே எழுதியிருக்கும். தாளை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? போதாததற்குச் சாதாரண சிரப்பில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். செய்ய வேண்டியது, வாயுத் தொல்லையை மருந்து எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லி அளவை மாற்றிக்கொள்வது.

இலைப் படத்தின் மறுபக்கம்

நொதி காப்ஸ்யூல்களில் நொதி மட்டும் இருப்பதில்லை. இஞ்சி, சீரகம், ஓமம், மஞ்சள், மிளகு, அதிமதுரம், திரிபலா என்று ஒரு அஞ்சறைப்பெட்டியே சேர்ந்து வரும். இவற்றில் பெரும்பாலானவை நொதியாக வேலை செய்வதில்லை. இஞ்சிப் பொடி 1.2 கிராம் கொடுத்தபோது இரைப்பை சற்று வேகமாகக் காலியானது என்று ஆய்வுகள் உண்டு. மந்தத்துக்கு இஞ்சிக் கஷாயம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓமமும் சீரகமும் தரும் சுகத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

சமையலில் பழகிய பொருள் என்பதால் காப்ஸ்யூலிலும் பாதுகாப்பானது என்ற முடிவுதான் வழுக்கும் இடம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் மஞ்சளில் சுமார் மூன்று சதவீதம். '95 சதவீதக் குர்குமின் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி.' என்றால் ஒரு காப்ஸ்யூலில் 475 மி.கி. அதே அளவு குர்குமின் பெற ஐந்து தேக்கரண்டி மஞ்சள்தூள் வேண்டும். எந்த வீட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஐந்து தேக்கரண்டி மஞ்சள் சாப்பிடுகிறார்? சாம்பார்ப் பழக்கத்தை இதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. இதோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் சேரும். 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. விளம்பரம் அதோடு நிறுத்திவிடும். அந்நியப் பொருளைக் கழிக்கும் குடல், கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் மந்தமாக்குவதால்தான் அது நடக்கிறது. வலிப்புக்கான ஃபெனிட்டோயின், ரத்தக் கொதிப்புக்கான புரொப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவும் அதே வழியில் ஏறும். மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள்; அவர்களில் ஒருவர் இறந்தார். ஆஸ்திரேலிய அரசின் மருந்துத் துறை 2023-ல் எச்சரிக்கை கொடுத்தது. இது அரிதான பாதிப்புதான், ஆனால் லேபிளில் இதற்கு ஒரு வரிகூட இல்லாத டப்பாக்கள் உண்டு.

அதிமதுரம் இன்னொன்று. தொண்டைக்கும் அல்சருக்கும் பேர்போனது. அதிலுள்ள கிளிசிரைசின் பல வாரங்கள் தொடர்ந்து போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும், பி.பி. மாத்திரை போடுகிறவர் தினமும் தொடக் கூடாது. 'வயிற்றைச் சுத்தம் செய்யும்' என்று வரும் தூள்களில் பல நேரம் இருப்பது நிலாவாரை. உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே அதற்குப் பெயர். நல்ல பேதி மருந்து. சில நாளைக்கு மட்டும். பப்பாளியோ அன்னாசியோ ஒவ்வாமை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும் பப்பாயின், பிரோமலைன் உள்ள காப்ஸ்யூலை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஒரே அலமாரி, மூன்று உரிமம்

சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், திருபுவனை என்று புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளைச் சுற்றினால் மாத்திரை, சிரப் தயாரிக்கும் ஆலைகளைப் பார்க்கலாம். எங்கோ மும்பை, டெல்லி கம்பெனியின் பெயர் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் டப்பாவைத் திருப்பினால், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் புதுச்சேரி முகவரி சிறிய எழுத்தில் இருப்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. விற்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர். அப்படிப்பட்ட டப்பாவில் எந்தச் சட்டத்தின் கீழ் பொருள் வந்திருக்கிறது என்பதையும் அதே பின்பக்கத்தில் பார்க்கலாம்.

மருந்து உரிம எண் இருந்தால் அது 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதே சட்டத்தின் தனிப் பிரிவில்தான் உரிமம் பெறுகின்றன, சேர்மானத்துக்கு அடிப்படை பழைய நூல்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவு. அந்த ஆணையம் 2016-ல் சப்ளிமென்ட்டுகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. எந்தெந்தத் தாவரத்தை எந்த அளவுவரை சேர்க்கலாம் என்று பட்டியலும் அதில் உண்டு. நோயைக் குணப்படுத்தும் என்று இவை சொல்லக் கூடாது.

இந்த மூன்றாம் வகை டப்பாவைத்தான் "சாப்பிட்டது செமிக்கல" என்றவருக்குக் கடைக்காரர் மருந்தாக எடுத்துக் கொடுக்கிறார். இலைப் படத்துக்குக் கீழே, மடிப்புக்குப் பக்கத்தில் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும்.